எடுத்த எடத்துலயே வச்சாச்சு

உங்க டோக்கன் எத்தனை சார்? நூத்தி நாலா? எனக்கு நூத்தி ஆறு. இப்பதான் அறுபத்தொண்ணைக் கூப்புட்டாங்க. உக்காருங்க, அவசரமே இல்ல. மனு நாளுன்னா இப்புடித்தான். நான் மூணாவது திங்கக்கெழமையா வரேன். எந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்தா காத்து வரும்னுகூட எனக்கு அத்துப்படி.

நீங்க என்னா, பட்டாவுல பேரு மாத்தவா? அப்ப கவலைய விடுங்க. நடையா நடக்கணும், ஆனா நீங்க என்னா கேக்குறீங்கன்னாவது அவங்களுக்குப் புரியும். என் கத அப்புடியில்ல. வெளியில வேப்ப மரத்தடியில மனு எழுதிக் குடுக்குறாரே, அவருகிட்ட மொத வாரம் சொன்னேன். பாதி கேட்டுட்டுப் பேனாவை மூடிட்டாரு. 'இது வருவாய்த் துறையா, கல்வித் துறையா, கனிமவளத் துறையா, ஒண்ணும் புரியலையே அய்யா'ன்னாரு. அதான் நானே எழுதிட்டு வந்திருக்கேன். மூணு பக்கம்.

எனக்கு நெட்டக்குடிகாடு சார். தெரியாதுல்ல? அதான் வயித்தெரிச்சல். இந்த ஜில்லாவுல எவனுக்கும் எங்க ஊரு தெரியாது. பஸ்ஸுல ஏறி டிக்கெட் கேட்டா கண்டக்டரு, அது எங்க இருக்குன்னு என்னையவே கேக்குறாரு. ஆனா ஜெர்மனியில தெரியும். ஜப்பான்ல தெரியும். ரஷ்யாவுலேருந்து ஒருத்தர் வந்து, எங்க ஊரு பேரை வாயி நெறைய சொல்லி, என் கையப் புடிச்சு ஆட்டிட்டுப் போனாரு.

எல்லாம் ஓடையாலதான். ஊருக்குக் கெழக்கே கழுதமேட்டு ஓடைன்னு ஒண்ணு. மழை பேஞ்சா நாலு நாளைக்குத் தண்ணி, மத்த நாளு வெறும் மணலு. ரெண்டு பக்கமும் ஆளு ஒசரத்துக்கு மேல கரை. மஞ்சளும் வெள்ளையுமா அடுக்கடுக்கா தெரியும். அந்தக் கரையில நத்தைக்கல்லு பதிஞ்சு கெடக்கும். நத்தை மாதிரியே சுருண்டிருக்கும் சார். பொத்தான் அளவுலயும் இருக்கும், சைக்கிள் டயரு அளவுலயும் இருக்கும். கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி எங்க ஊரு கடலா இருந்துச்சாம், அதுல வாழ்ந்த பூச்சி புழுவெல்லாம் கல்லா ஆயிடுச்சாம். கடல் இருந்த ஊருல எம்பொண்டாட்டி கொடத்தைத் தூக்கிக்கிட்டு முக்கா மைலு நடக்குறா.

வெள்ளைக்காரன் காலத்துலேருந்து வந்துக்கிட்டேதான் இருக்காங்க. சுத்தியலும் பையும் தொப்பியுமா. கல்லுக்கு மட்டும் வந்தா பரவாயில்ல. ஒரு வருசம் தண்ணியில என்னமோ இருக்குன்னு வந்து ஊரையே வரிசையா நிக்க வச்சு, ஈ-ன்னு பல்லைக் காட்டச் சொன்னாங்க. ஒரு வருசம் சரித்திரம் படிக்கிற ஆளு ஒருத்தரு, ஏரிக்கரையில கெடந்த ஒடஞ்ச சட்டியெல்லாம் பொறுக்கி, ஒவ்வொண்ணுக்கும் நம்பரு எழுதி எடுத்துக்கிட்டுப் போனாரு. அடுத்த வருசம் இன்னொருத்தர் வந்து, நீங்க தாய்மாமன் பொண்ணைக் கட்டிக்கிட்டீங்களா, அத்தை பொண்ணைக் கட்டிக்கிட்டீங்களான்னு வீடு வீடா கேட்டாரு. எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்கோம். என்னா எழுதுனாங்கன்னு ஒருத்தன் வந்து எங்ககிட்ட சொன்னதில்ல. அவங்க மேப்புல கழுதமேட்டு ஓடைன்னுகூட கெடையாது, 'செக்‌ஷன் நாலு'ன்னு போட்டிருக்கு.

அறுபத்து மூணா கூப்புட்டாங்க? நடுவுல ஒண்ணு என்னா ஆச்சு? சரி, ஆளு வரல போலருக்கு.

எம்பேரு கொளஞ்சிநாதன். கொத்தனாரு. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி வார்டு மெம்பரா இருந்தேன். அப்ப ஒரு பிரச்சினை வந்துச்சு. சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லாம விட்டா கத புரியாது. அன்னைக்கு எங்க ஊருல வீட்டுக்கு வீடு கக்கூஸ் கெடையாது. பொம்பளைங்க விடியக்காலம் ஓடைக்குத்தான் போவணும். ஆம்பளைங்க அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டோம். ஏழு மணி வரைக்கும் ஓடை அவங்களுது. இது ஊருக் கட்டுப்பாடு, யாரும் எழுதி வைக்கல.

இந்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது தெரியுமா? வெயிலுக்கு முன்னாடி வேலைய முடிக்கணும்னு அஞ்சரை மணிக்கே ஓடைக்குள்ள எறங்கி நிப்பாங்க. ஒருநாள் எம்பொண்டாட்டி வளர்மதி சொம்பைத் தூக்கிக்கிட்டு எறங்கியிருக்கா. திருப்பத்துல ஒரு வெள்ளைக்கார மனுசன். அந்தாளு மரியாதையா தொப்பியக் கழட்டி, 'வணக்கம் அம்மா'ன்னு தமிழ்லயே சொல்லியிருக்காரு. இவ சொம்பைப் போட்டுட்டு ஓடி வந்தவ, மூணு நாளு என்கிட்ட பேசல. 'நீயெல்லாம் ஒரு மெம்பரு'ன்னு ஒரே வார்த்தைதான். ஊருப் பொம்பளைங்க எல்லாரும் வந்து வாசல்ல நிக்குறாங்க. நான் என்னா செய்யிறது? வர்றவன் கவர்மென்டு கடுதாசியோட வரான், வராதேன்னு சொல்ல முடியாது.

யோசிச்சேன் சார். இவங்களுக்கு வேண்டியது ஓடையா? இல்ல, கல்லு. கல்லை நாமே எடுத்துட்டு வந்து ரோட்டு மேல வச்சிட்டா எவன் உள்ள எறங்கப் போறான்?

அதுக்கப்புறம் ரெண்டு வருசம், வேலை இல்லாத நாளெல்லாம் அதான் எனக்கு வேலை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு எறங்கிடுவேன். ஒரு கல்லுகூட ஒடையாம பேத்து எடுத்தேன். மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு. மண்ணும் சுண்ணாம்புமா ஒட்டிக்கிட்டிருந்ததைக் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சேன். போவாததுக்கு டைல்ஸுக்கு ஊத்துற ஆசிட்டைக் கொஞ்சம் விட்டேன். புஸ்ஸுன்னு நுரைச்சுக்கிட்டு வரும் பாருங்க, அப்புறம் கழுவுனா பளபளன்னு இருக்கும். பஸ் ஸ்டாப்பு நெழக்கொடைக்கு உள்ள நானே மூணு படி கட்டி, பெருசு கீழ, சின்னது மேலன்னு வரிசையா அடுக்கி வச்சேன். பொம்பளைங்களுக்கு நிம்மதி. வளர்மதி அன்னைக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வச்சா.

தேசிகன் சாருன்னு ஒரு புரொபசர். அவருக்கு முட்டி வலி, கரையில எறங்கி ஏற முடியாது. ஜீப்பை விட்டு எறங்கி நெழக்கொடையப் பாத்தாரு பாருங்க, அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். 'கொளஞ்சி, இதெல்லாம் எங்கய்யா இருந்துச்சு?'ன்னாரு. 'நம்ம ஓடைதான் சார், வேற எங்க'ன்னேன். நாற்காலி போட்டு உக்காந்து ரெண்டு நாளு எழுதுனாரு. நானே டீ வாங்கிக் குடுத்தேன். அப்புறம் புஸ்தகம் வந்துச்சு. இத்தனை வகை ஜீவன் ஒரே எடத்துல ஒண்ணா வாழ்ந்தது உலகத்துலயே நெட்டக்குடிகாட்டுலதான்னு எழுதியிருந்தாராம். அதுக்கப்புறம்தான் ஜப்பான்காரனெல்லாம் வந்தது. புஸ்தகத்துல படம் இருக்கு. கல்லு எவ்வளவு பெருசுன்னு தெரியறதுக்காகப் பக்கத்துல என் கொத்துக் கரண்டிய வச்சு எடுத்திருக்காரு. கீழ 'கொத்துக் கரண்டி, அளவுக்காக'ன்னு போட்டிருக்கு. கரண்டிக்குப் பேரு போட்டாங்க, எனக்குப் போடல. சரி போவட்டும்னு விட்டுட்டேன்.

இப்ப சொல்றதுதான் சார் விசயம். கொஞ்சம் கிட்ட வாங்க. போன வருசம் கம்பெனிக்காரன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை எங்க ஊரு வரைக்கும் இழுக்கப் போறான்னு தாக்கல் வந்துச்சு. எனக்கு ரெண்டரை ஏக்கர் இருக்கு, ஓடையை ஒட்டி. மக்காச்சோளம், ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் பருத்தி. வேற எதுவும் கெடையாது. நான் சாரம் ஏறுற வயசெல்லாம் போச்சு, இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. அந்த நெலம் போனா நானும் வளர்மதியும் சோத்துக்கு எவன் வாசல்ல நிக்கிறது? எங்க ஊருல நாப்பது குடும்பத்துக்கு இதே கததான்.

தேசிகன் சாருக்குப் போன் போட்டேன். அவரு சொன்னாரு, 'கவலைப்படாதே கொளஞ்சி, அந்த ஓடையப் பாதுகாக்கப்பட்ட எடம்னு அறிவிக்க எழுதிப் போடுறேன். அறிவிச்சிட்டா பக்கத்துல ஒருத்தன் கடப்பாரை போட முடியாது'ன்னாரு. அதுக்கு ஒரு கமிட்டி இருக்காம். கமிட்டி வர்றதுக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட் வேணுமாம். ரிப்போர்ட் எழுத ஒரு புள்ளைய அனுப்புனாரு. ஜெபஷீலான்னு பேரு, மார்த்தாண்டம் பக்கம். எங்க வீட்டுலதான் தங்குச்சு. நல்ல புள்ள சார். வளர்மதி கூட உக்காந்து வெங்காயம் உரிக்கும்.

வந்த ரெண்டாவது நாளே நெழக்கொடையில கல்லைப் பாத்துக்கிட்டே நிக்குது. நகர மாட்டேங்குது. 'அண்ணே, இந்த ரெண்டும் எப்படியாக்கும் ஒண்ணா வந்துச்சு?'ன்னு கேட்டுச்சு. 'ஏம்மா, ஒண்ணா இருந்தா சண்டை போட்டுக்குமா?'ன்னேன். சிரிக்கல. 'இதுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு கோடி வருசம் இருக்குண்ணே'ன்னுச்சு. நான் பெருமையாத்தான் சார் சொன்னேன், எல்லாம் நான் எடுத்து வச்சதும்மான்னு. ஓடையில மேக்கால எடுத்தது, கெழக்கால எடுத்தது, கரையில மேல எடுத்தது, கீழ எடுத்தது, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, அளவு பாத்து அடுக்குனேன்னு. ஆசிட் ஊத்துனதையும் சொன்னேன். அந்தப் புள்ள அப்புடியே படியில உக்காந்துடுச்சு. 'ஆசிடா?'ன்னு கேட்டுச்சு.

அப்புறம் பொறுமையாத்தான் எடுத்துச் சொல்லுச்சு. 'கல்லு யாருக்கும் பெருசில்லண்ணே. இந்த மாதிரிக் கல்லு எங்க காலேஜ்லயே அலமாரி நெறைய இருக்கு. அது எந்த அடுக்குல, எவ்வளவு ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கெடந்துச்சுங்கறதை வச்சுத்தான் எந்தக் காலம்னு சொல்ல முடியும். பேத்து எடுத்துட்டா அது வெறுங்கல்லு. கமிட்டிக்காரங்க இதைப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவாங்க. நாம மறைச்சு எழுதினா எடம் மொத்தமும் பொய்ன்னு தள்ளிடுவாங்க'ன்னுச்சு.

எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க. பன்னெண்டு வருசமா எத்தனை பெரிய மனுசன் வந்தான்! ஒருத்தன் வாயத் தொறந்து, தொடாதய்யா கொளஞ்சின்னு சொல்லியிருக்கலாமா இல்லையா? டீயக் குடிச்சிட்டு, முதுகைத் தட்டிக் குடுத்துட்டுல்ல போனானுங்க.

அந்தப் புள்ள விடல. மறுநாளு வந்து, 'அண்ணே, ஒரு வழி இருக்கு. நீங்க பேத்து எடுத்த குழி கரையில இருக்குமில்ல? கல்லோட அச்சு அதுல பதிஞ்சிருக்கும். நீங்க ஒவ்வொரு குழியா காட்டுங்க, நான் அளந்து எழுதிக்கிறேன். எந்தக் கல்லு எந்தக் குழின்னு பொருத்திட்டா எல்லாமே திரும்பக் கெடச்ச மாதிரிதான். உங்க பேரைப் போட்டே எழுதுறேன். இப்ப நமக்கு அந்தக் குழிதாண்ணே சாட்சி'ன்னுச்சு.

சாட்சி! எனக்கு அந்த வார்த்தையக் கேட்டதும் சுருக்குன்னுச்சு சார். சாட்சின்னு எங்க சொல்வாங்க? ஸ்டேஷன்ல சொல்வாங்க, கோர்ட்டுல சொல்வாங்க. திருடுனவனைத்தானே, எங்கேருந்து எடுத்தே, எடத்தைக் காட்டுன்னு கூட்டிட்டுப் போவாங்க? அதே சமயத்துல தேசிகன் சாரும் போன்ல கத்துறாரு. 'உன்னை யாருய்யா தொடச் சொன்னது? என் பேரே போச்சு'ன்னு. என் நாற்காலியில உக்காந்து எழுதுன மனுசன். எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. 'நான் எதையும் காட்ட மாட்டேன். என் ஓடை, என் கல்லு. உங்க ரிப்போர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்'னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டேன். தப்புதான். அது என்னா பண்ணும் பாவம். பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறப்பகூட, 'மாசி கடைசி வரைக்கும் டைம் இருக்குண்ணே. கோவம் தணிஞ்சதும் ஒரு போன் பண்ணுங்க, ஓடி வரேன்'னுச்சு. வளர்மதி முறுக்கு கட்டிக் குடுத்து அனுப்புனா.

எண்பத்தெட்டா? பரவாயில்லையே, மடமடன்னு போவுது.

அதுக்கப்புறம் ஊருல தலைகாட்ட முடியல. கம்பெனி ஆளுங்க வந்து மஞ்சப் பெயின்ட் அடிச்ச கல்லை என் வரப்பு மேலயே நட்டுட்டுப் போனானுங்க. டீக்கடையில என் காதுபடவே பேசுறாங்க, கொளஞ்சி கைய வச்சான், ஊரே போச்சுன்னு. யாருக்காகய்யா வச்சேன்? உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்காகத்தானே வச்சேன்? அன்னைக்கு வாசல்ல வந்து நின்னவங்க ஒருத்தி வாயத் தொறக்கணுமே! வளர்மதி மட்டும், 'எங்களுக்காகத்தானே செஞ்ச, விடு'ன்னா. அது இன்னும் தாங்க முடியல சார். திட்டியிருந்தாலாவது பரவாயில்ல.

நாலு நாளு படுத்தே கெடந்தேன். சோறு எறங்கல. அப்புறம் தோணுச்சு. இப்ப என்னா கெட்டுப் போச்சு? கல்லு எடம் மாறிடுச்சு, அவ்வளவுதானே? மாறுனதைத் திருப்பி வச்சிட்டா என்னா? நான் கொத்தனாரு சார். நாப்பது வருசத்துக்கு முன்னாடி கட்டுன செவுத்துல எந்த வரிசையில ஒடஞ்ச செங்கல்லு வச்சேன்னு கேட்டாலும் சொல்லுவேன். கை மறக்காது. எந்தக் கல்லை எந்தக் கரையில, எவ்வளவு ஒசரத்துல பேத்தேன்னு எனக்கு அப்புடியே கண்ணுல நிக்குது.

தையில ஆரம்பிச்சோம், நானும் அவளும். கல்லை அவ சாக்குல சுமந்துக்கிட்டு வருவா, நான் குழிய சுத்தம் பண்ணுவேன். குழியெல்லாம் சிலந்தி வலையும் மண்ணுமா கெடந்துச்சு. ஒவ்வொண்ணையும் உளி வச்சு நல்லா கொத்திவிட்டு, பிசிறெல்லாம் எடுத்து, கல்லை உக்கார வச்சேன். சும்மா வச்சா மழையில உருண்டுடும்ல? அதுனால கல்லுக்கு ஒரு கரண்டி சிமென்ட் குடுத்து, சுத்திலும் பூசிட்டேன். சாம்பக் கலரு தெரிஞ்சா அசிங்கமா இருக்குமேன்னு வெள்ளை சிமென்ட்ல ஓடை மண்ணையே சலிச்சுக் கலந்தேன். என் பூச்சுல நானே போயி தேடுனாலும் ஒட்டு எங்கன்னு தெரியாது, அவ்வளவு சுத்தம். பூச்சு இறுகணும்னா ஏழு நாளு தண்ணி காட்டணுமே, முக்கா மைலுலேருந்து கொடம் கொடமா அவதான் கொண்டாந்து ஊத்துனா. பதினேழு கல்லு மட்டும் எங்க எடுத்ததுன்னு ஞாபகம் வரல. அதைப் பாலத்துக்கிட்ட, வர்றவங்க கண்ணுல மொதல்ல படுற மாதிரி, லட்சணமா வச்சிட்டேன்.

இப்ப போயிப் பாருங்க சார். கரையில ஒரு குழி கெடையாது. நான் தொட்ட தடமே இல்ல. முந்நூத்திப் பன்னெண்டும் அது அது எடத்துல இருக்கு. அதைத்தான் மனுவுல எழுதியிருக்கேன். 'எல்லாம் பழையபடி சரி செய்யப்பட்டுவிட்டது, கமிட்டியை உடனே அனுப்பி வைக்க வேண்டும்'னு. கலெக்டர் அம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும். கம்பெனிக்காரன் அந்த மஞ்சக் கல்லைப் புடுங்கிட்டுப் போயிடுவான்.

என்னா சார், அப்புடிப் பாக்குறீங்க?

அந்தப் புள்ளைக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அதுகிட்ட சொல்லாம இருப்பேனா? மாசி பொறந்ததுமே பண்ணேன். என் பேரைக் கேட்டதுமே, 'அண்ணே! குழியக் காட்டுறீங்களா?'ன்னு அவ்வளவு சந்தோசமா கேட்டுச்சு. குழியே இல்லம்மா, எல்லாத்தையும் நானே வச்சுப் பூசிட்டேன்னேன். 'எல்லாத்தையுமா?'ன்னு கேட்டுச்சு. ஒண்ணு விடாமன்னேன். அந்தப் பக்கம் அழுவுற மாதிரி கேட்டுச்சு. அப்புறம் வச்சிடுச்சு. அதுலேருந்து எப்ப பண்ணாலும் எடுக்க மாட்டேங்குது.

சந்தோசத்துலதான் சார் அழுதிருக்கும். வேற எதுக்கு அழப்போவுது?